பெரிய உடல்வாகு உள்ளவருக்கு ஏற்ற கடற்கயாக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். உங்கள் உயரம் 186 செ.மீ., எடை 112 கிலோ, காலணி ஐரோப்பிய அளவில் 47. மேலே உட்கார்ந்து ஓட்டும் வாடகைக் கயாக்குகளில் (இருமுனைத் துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகுகளில்) இரண்டு கோடைகாலம் பழகியிருக்கிறீர்கள். இனி வேல்ஸ் கரையோரத்தில் ஒருநாள் பயணங்களும், ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் மூன்று நான்கு நாள் முகாம் பயணங்களும் போவதற்குச் சொந்தமாக ஒரு கடற்கயாக் வாங்க விரும்புகிறீர்கள். கடைக்காரர் உங்களைப் பார்த்தவுடன் 68 செ.மீ. அகலமும் 160 கிலோ கொள்திறனும் உள்ள ஒரு பொழுதுபோக்குக் கயாக்கைக் காட்டியிருக்கிறார். நண்பரின் 54 செ.மீ. கயாக்கில் தொடையைத் திணித்துத்தான் உட்கார முடிந்தது. உட்கார்ந்த அரை நிமிடத்தில் அது உங்களைத் தண்ணீரில் தள்ளப் பார்த்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் உங்களுக்கென்று ஒரு படகு இருக்கிறதா என்பது உங்கள் கேள்வி.

இருக்கிறது. அது கடைக்காரர் காட்டியதைவிட மிகவும் குறுகியதாகவும், நண்பருடையதைவிடச் சிறிதளவே அகலமானதாகவும், அந்த இரண்டையும்விட ஆழம் கூடியதாகவும் இருக்கும். நானும் 108 கிலோ எடையுள்ளவன். பன்னிரண்டு ஆண்டுகளாக வேல்ஸின் ஆங்கிள்சி தீவைச் சுற்றியுள்ள கடலில் துடுப்புப் போடுகிறேன். முதலில் வாங்கிய படகைத் தவறாகத் தேர்ந்தெடுத்து ஓர் ஆண்டு முழுவதும் கால் மரத்துப்போய், இடுப்பு வலித்துக் கரையேறியவன். எனவே கீழே சொல்வதில் கணக்கும் இருக்கிறது, பட்டறிவும் இருக்கிறது.

முதலில் ஒரு மனத்தடையை நீக்கிக்கொள்ளுங்கள். கயாக்குக்குள் நுழைய முடியாதபோது நம்மில் பெரும்பாலோர் "என் உடம்பு இதற்கு ஏற்றதல்ல" என்று முடிவுகட்டிவிடுகிறோம். கயாக்கை உருவாக்கிய கிரீன்லாந்து மக்களிடம் இந்த எண்ணம் இருந்திருக்க வாய்ப்பில்லை, ஏனெனில் அங்கே படகு ஓட்டுபவரின் உடலையே அளவுகோலாகக் கொண்டு கட்டப்பட்டது. இரு கைகளையும் விரித்தால் வரும் நீளத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு படகின் நீளம். இடுப்பின் அகலத்தோடு இரண்டு கைமுட்டிகளைச் சேர்த்தால் படகின் அகலம். கைமுட்டியோடு நீட்டிய கட்டைவிரலையும் சேர்த்தால் காக்பிட் என்னும் உட்காரும் குழியின் அருகே அதன் ஆழம். ஊருக்கு ஊர் இந்த அளவுகள் சற்று மாறினாலும் அடிப்படை இதுதான். உங்களுக்கு இந்த முறையில் ஒரு படகு கட்டியிருந்தால் அது ஐந்தரை மீட்டர் நீளமும் 60 செ.மீ.யை ஒட்டிய அகலமும் உடையதாக இருந்திருக்கும்.

அப்படியானால் கடையில் உள்ள படகுகள் ஏன் இறுக்கமாக இருக்கின்றன? பிரித்தானியக் கடற்கயாக்குகளில் ஒரு பெரிய கிளை 1959ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. கென்னத் டெய்லர் என்னும் ஸ்காட்லாந்து மாணவர் அந்த ஆண்டு மேற்கு கிரீன்லாந்தின் இல்லோர்சுயிட் கிராமத்துக்குச் சென்றபோது, அங்கே இமானுவேல் கோர்னேலியுசன் என்பவர் அவருக்காக ஒரு கயாக் கட்டிக் கொடுத்தார். அது ஸ்காட்லாந்துக்கு வந்தது. டங்கன் வின்னிங் அதை அளந்து வரைபடமாக்கினார். அந்த வழியில் ஜெஃப் பிளாக்ஃபோர்டு உருவாக்கிய வடிவமே பிறகு கண்ணாடியிழையில் வார்க்கப்பட்டு, ஊசிவால் வாத்தின் அறிவியல் பெயரான 'அனாஸ் அகுட்டா' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஒரு தனிமனிதருக்காகக் கட்டப்பட்ட படகின் வழிவந்த வடிவம் அச்சில் வார்க்கப்பட்டு எல்லோருக்குமான பொருளாயிற்று. அச்சு ஒன்றுதான், உடல்கள் பல. தாழ்ந்த பின்தளமும் சிறு வட்டக் காக்பிட்டும் கொண்ட அந்த மரபுப் படகுகள் உங்களுக்குப் பொருந்தாமல் போவது இயல்பான ஒன்று.

இனிக் கணக்குக்கு வருவோம். படகு தாங்க வேண்டிய எடையில் உங்கள் உடல் ஒரு பகுதி மட்டுமே. உங்கள் 112 கிலோவோடு நீர்புகா உடை, மிதவை அங்கி, காக்பிட் வாயை மூடும் ஸ்ப்ரே டெக் ஆகியவற்றுக்கு 8 கிலோ, குடிநீர், உணவு, கயிறு, முதலுதவிப் பொருள்கள் என ஒருநாள் சுமைக்கு 10 கிலோ, படகின் சொந்த எடை 26 கிலோ என்று கூட்டினால் 156 கிலோ வருகிறது. கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 1.025 கிலோ என்பதால், படகு 152 லிட்டர் நீரை விலக்கியாக வேண்டும். முகாம் பயணத்துக்கு இன்னும் 35 கிலோ ஏறினால் அது 186 லிட்டராகும். உங்கள் நண்பர் 75 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதே ஒருநாள் பயணத்துக்கு அவர் விலக்குவது 116 லிட்டர்தான்.

வழக்கமான கடற்கயாக் ஒன்று நீர்மட்டத்தில் ஏறக்குறைய ஒன்றரை சதுர மீட்டர் பரப்பை அடைத்துக்கொள்ளும். எனவே 15 கிலோ கூடும்போதெல்லாம் அது ஒரு சென்டிமீட்டர் அமிழ்கிறது. நண்பருக்கு மிதப்பதைவிட உங்களுக்கு அந்தப் படகு இரண்டரை சென்டிமீட்டர் கூடுதலாக அமிழும். கேட்பதற்குச் சிறிய அளவாகத் தோன்றும். ஆனால் தாழ்ந்த பின்தளம் உள்ள படகில் நீருக்கு மேலே எஞ்சியிருப்பதே சில சென்டிமீட்டர்தான். அதிலிருந்துதான் இந்த இரண்டரையும் கழிகிறது. விளைவாக, அணியம் என்று நம் கடற்கரையில் சொல்லும் முன்முனை அலையின் மேல் ஏறாமல் அதற்குள் புகுந்துவிடும். ஒவ்வொரு அலையும் மேல்தளத்தைக் கழுவிக்கொண்டு உங்கள் நெஞ்சில் வந்து முட்டும். படகைப் பக்கவாட்டில் சற்றே சாய்த்தாலும் விளிம்பு நீருக்குள் போய்விடும். சாய்த்துத் திருப்புவதற்காகவே வடிவமைத்த படகில் சாய்க்க இடமே இல்லாமல் போகிறது.

இங்கே தயாரிப்பாளர்கள் அச்சிடும் 'அதிகபட்சக் கொள்திறன்' என்னும் எண்ணைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. கயாக்குகளுக்கு இந்த எண்ணைக் கணக்கிட எல்லோரும் பின்பற்றும் ஒரே முறை கிடையாது. ஒருவர் நீருக்கு மேல் இவ்வளவு உயரம் எஞ்ச வேண்டும் என்று கணக்கிடுவார். இன்னொருவர் படகு மூழ்காமல் தாங்கும் எல்லையையே எழுதிவிடுவார். எந்த முறையில் வந்ததானாலும், அது படகு நன்றாக ஓடும் எடையைக் குறிப்பதில்லை. ஆளும் சுமையும் சேர்ந்து அந்த எண்ணின் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டியிருந்தால் படகு தன் இயல்பில் ஓடும் என்பது நான் கைக்கொள்ளும் அளவு. உங்களுக்குக் காட்டிய 160 கிலோ படகில் ஒருநாள் பயணத்துக்கே நீங்கள் 130 கிலோ. முகாம் பயணத்தில் எல்லையையே தாண்டிவிடுகிறீர்கள். கடைக்காரர் அந்த எண்ணைக் காட்டி உங்களை அமைதிப்படுத்தியது சரியல்ல. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இந்தப் படகை எத்தனை கிலோ ஆளை மனத்தில் வைத்து வடிவமைத்தார்கள்?" நல்ல தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு அளவுக்கும் ஓர் எடை வீச்சை வெளியிடுகிறார்கள். அந்த வீச்சின் நடுவில் நீங்கள் இருக்க வேண்டும். மேல் நுனியில் தொங்கக் கூடாது.

அடுத்தது, உங்களை மிகவும் அச்சுறுத்திய தள்ளாட்டம். இதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம், ஏனெனில் தவறான முடிவுகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. படகு நிமிர்ந்து நிற்க முயலும் விசை, நீர்மட்டத்தில் அதன் அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 53 செ.மீ. அகலத்தை 57 ஆக்கினால், அதாவது நான்கே சென்டிமீட்டர் கூட்டினால், அந்தப் பெருக்கம் ஏறக்குறைய கால் பங்கு உயர்கிறது. 60 ஆக்கினால் 45 விழுக்காடு. இதனால்தான் 54இல் நடுங்கியவர் 58இல் கையைத் தூக்கிப் படமெடுக்கிறார். இந்த விசைக்கு எதிராக நிற்பது உடலின் புவியீர்ப்பு மையம். நீங்கள் உயரமானவர், தோளும் மார்பும் அகன்றவர் என்றால் அந்த மையம் இன்னும் மேலே இருக்கும். எடையோ வயிற்றிலும் இடுப்பிலும் திரண்டிருப்பவருக்கு அதே 112 கிலோவும் தாழ்வாக அமர்ந்து, படகு அமைதியாக இருக்கும். எடை ஒன்றே ஆனாலும் இருவருக்கும் ஒரே படகு பொருந்தாது என்பதற்கு இது முதற்காரணம்.

இதிலிருந்து அகலத்தைவிட மலிவான ஒரு மருந்து கிடைக்கிறது. இருக்கையைத் தாழ்த்துங்கள். உங்கள் எடையுள்ளவர் இருக்கையை 2 செ.மீ. கீழே இறக்கினால், படகின் அகலத்தை ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக்கியதற்குச் சமமான உறுதி கிடைக்கும் என்பது நான் போட்டுப் பார்த்த கணக்கு. பல படகுகளில் இருக்கை காக்பிட் விளிம்பிலிருந்து தொங்கவிடப்பட்டு, அடித்தளத்துக்கும் அதற்கும் நடுவில் வெற்றிடம் இருக்கிறது. மேலே தடித்த மெத்தையும் போட்டிருப்பார்கள். மெத்தையை எடுத்துவிட்டு, அடர்த்தியான நுரைப்பலகையில் உங்கள் உடலுக்கேற்பக் குடைந்த இருக்கை ஒன்றை அடித்தளத்திலேயே ஒட்டிக்கொள்ளலாம். என் இரண்டாவது படகில் நான் செய்த முதல் வேலை இதுதான். ஒரு மாலைநேர வேலை. படகு வேறு படகாகிவிட்டது.

அப்படியானால் 68 செ.மீ. படகு இன்னும் பாதுகாப்பானதல்லவா என்று கேட்பீர்கள். ஏரியில் ஆம். கடலில் இல்லை. அகன்ற தட்டையான அடிப்பகுதி எப்போதும் நீரின் மேற்பரப்புக்கு இணையாக நிற்கவே விரும்பும். நீரே சரிவாக இருக்கும்போது, அதாவது பக்கத்திலிருந்து அலை எழும்போது, அந்தப் படகு அலையின் சரிவோடு சேர்ந்து சாயும். உங்கள் இடுப்பால் அதைத் தடுக்க முடியாது. உருண்ட அடிப்பகுதியுள்ள குறுகிய படகை இடுப்பைத் தளர்த்தி அலையோடு உருளவிட்டு, நீங்கள் நிமிர்ந்தே இருக்கலாம். மேலும், அந்தப் பொழுதுபோக்குக் கயாக்குகள் பலவற்றில் முன்பகுதிக்குள் நீர் புகாமல் அடைக்கும் தடுப்புச் சுவர் கிடையாது. கவிழ்ந்தால் நூறு லிட்டருக்கும் மேல் நீர் உள்ளே புகுந்துவிடும். 112 கிலோ எடையுள்ளவர் அந்த நீரோடு சேர்த்து ஒரு படகை நடுக்கடலில் மீட்டெடுப்பதை நான் ஒருமுறை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். உதவிக்கு நாங்கள் மூவர் இருந்ததால்தான் முடிந்தது.

நிலைத்தன்மை பற்றி இன்னொரு செய்தி. 1975இல் நார்வேயின் வடமுனைக்குச் சென்ற பயணக் குழுவுக்காக ஃபிராங்க் குட்மேன் வடிவமைத்த 'நார்ட்காப்' என்னும் புகழ்பெற்ற கயாக், வெறுமையாக இருக்கும்போது பதற்றமாகவும், சுமை ஏற்றியபின் அமைதியாகவும் இருக்கும் என்று ஓட்டியவர்கள் சொல்வார்கள். அடியில் ஏற்றும் சுமை புவியீர்ப்பு மையத்தைக் கீழே இழுப்பதே காரணம். ஆனால் உங்கள் எடை அந்தச் சுமைக்கு ஈடாகிவிடாது. உங்கள் கூடுதல் கிலோக்கள் அடியில் இல்லை, இருக்கைக்கு மேலே இருக்கின்றன. "பெரிய ஆள் உட்கார்ந்தால் படகு தானாக உறுதியாகும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தண்ணீர்ப் பைகளை அடித்தளத்தில், இருக்கைக்கு அருகில் வைப்பது மட்டும் உண்மையாகவே உதவும்.

இனி உடல் படகுக்குள் பொருந்துவது. வாங்கும் முன் வீட்டிலேயே மூன்று அளவுகளை எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். முதலாவது இடுப்பு: கடினமான நாற்காலியில் உட்கார்ந்து, இருபுறமும் தடித்த புத்தகங்களை இடுப்பைத் தொடும்படி நிறுத்தி, நடுவில் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். பல படகுகளின் இருக்கை 38 முதல் 42 செ.மீ. அகலம் வரைதான் இருக்கும். இருக்கையின் பக்கத் தகடுகளைக் கழற்றவோ நகர்த்தவோ முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். இடுப்பெலும்பை இறுக்கும் இருக்கையோடு எவராலும் இரண்டு மணிநேரத்துக்கு மேல் இருக்க முடியாது. இரண்டாவது தொடையின் தடிமன்: தரையில் காலை நீட்டி, முழங்காலைச் சற்று மடக்கி, வெளிப்பக்கம் விரித்து உட்கார்ந்து, தொடையின் மிக உயர்ந்த இடம் தரையிலிருந்து எவ்வளவு என்று அளக்க வேண்டும். முன்தளத்தின் ஆழம் அதற்கு இடம் தர வேண்டும். மூன்றாவது பாதம்: கடலில் போடும் காலணியோடு, குதிகாலை ஊன்றிப் பாதத்தை வெளிப்புறம் சாய்த்து வைத்தால் எவ்வளவு உயரம் எழுகிறது என்பது. 47ஆம் அளவுக்காரர்களை வாட்டுவது பெரும்பாலும் இதுதான். இடுப்பு பொருந்தும், தொடை பொருந்தும், அணியத்தை நோக்கித் தளம் தாழும் இடத்தில் விரல்நுனி மேலே முட்டிக்கொண்டிருக்கும். நீண்ட கால்கள் இன்னும் முன்னே போவதால், தாழ்வான இடத்துக்கே பாதம் போய்ச் சேர்கிறது. மிதிகளின் வரிசை உங்கள் கால் நீளத்துக்கு எட்டுகிறதா என்பதையும் கூடவே பாருங்கள்.

காக்பிட் வாய் சாவித்துளை வடிவில், 80 செ.மீ.க்குக் குறையாத நீளமும் 40 செ.மீ.க்கு மேற்பட்ட அகலமும் உடையதாக இருப்பது நல்லது. முதலில் உட்கார்ந்து பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்துக்கொள்ள உங்களால் முடிய வேண்டும். முடிந்தால் அலையடிக்கும் கரையில் ஏறுவதும் இறங்குவதும் எளிதாகும். ஆனால் உள்ளே இருக்கும்போது தொடை, தளத்தின் அடியில் அதைத் தாங்கிப் பிடிக்கும் மேற்பிடிப்போடு தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும்; ஒட்டிக்கொண்டே இருந்தால் கால் மரத்துப்போகும், கையகலம் விலகியிருந்தால் படகைச் சாய்க்கவும், கவிழ்ந்தால் உருட்டி எழுப்பவும் முடியாது. பெரிய உடல்வாகினர் "தாராளமாக இருக்கிறதே" என்று மகிழ்ந்து அளவுக்கு மீறிய படகை வாங்கிவிடுவதும் உண்டு. நுரைத் துண்டுகளை ஒட்டி இடைவெளியைக் குறைக்கலாம். இறுக்கத்தைக் குறைக்க வழியில்லை. ஆகவே ஐயம் வந்தால் ஒருவிரல் கூடுதலான பக்கமே சாயுங்கள்.

நீளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீர்க்கோட்டில் 4.7 மீட்டர் உள்ள படகின் வேகம், மணிக்கு ஏறக்குறைய 5.3 நாட்டிகல் மைலில், படகு தானே எழுப்பும் அலையின் தடையில் போய் முட்டும். நாம் பயணத்தில் போவதோ மணிக்கு மூன்று முதல் மூன்றரை நாட்டிகல் மைல். அந்த வேகத்தில் நம்மை இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் நீரில் நனையும் பரப்பின் உராய்வுதான். வேகத்துக்காக நீளத்தைத் துரத்த வேண்டாம். ஆனால் 186 லிட்டரை எங்காவது பரப்பியாக வேண்டும்; அகலத்தில் பரப்பாமல் நீளத்திலும் ஆழத்திலும் பரப்பினால் படகு மெல்லியதாகவே இருக்கும். உங்களுக்கு 5.1 முதல் 5.5 மீட்டர் என்பது அப்படி வருகிறது.

காற்றைப் பற்றி நண்பர்கள் பயமுறுத்தியிருப்பார்கள்: "பெரிய கொள்ளளவுப் படகு காற்றில் இழுபடும்." 70 கிலோ ஆள் அதில் உட்கார்ந்தால் இழுபடும், ஏனெனில் படகு உயர்ந்து மிதந்து பக்கச்சுவர் முழுவதையும் காற்றுக்குக் கொடுக்கிறது. உங்கள் எடையில் அதே படகு தன் உரிய நீர்க்கோட்டுக்கு அமிழ்ந்துவிடும். வெளியே நிற்கும் பரப்பு சராசரி ஆளின் சராசரிப் படகில் இருப்பதைவிடப் பெரிதாக இருக்காது. உங்களுக்கு உண்மையான சிக்கல் முன்பின் சமநிலையில் வரலாம். இருக்கை சற்றுப் பின்தள்ளி இருக்கும் படகில் உங்கள் எடை பின்முனையை அமுக்கினால், அணியம் தூக்கிக்கொண்டு காற்றோடு போகும் திசைக்குத் திரும்பிவிடும். காற்றை எதிர்த்துத் திரும்பவே முடியாமல் போகலாம். இது வெறும் தொல்லையன்று, ஆபத்து. படகு இலேசாகக் காற்றை நோக்கித் திரும்பும் இயல்போடு இருந்து, ஸ்கெக் என்னும் பின்னடித் தகட்டை இறக்கி அதைச் சரிசெய்துகொள்வதே விரும்பத்தக்கது. சுமையில் கனமானவற்றை முன்னறைக்கு மாற்றியும் ஓரளவு திருத்தலாம்.

மீட்பைப் பற்றிக் கடைகளில் யாரும் பேசுவதில்லை. உங்களுக்கோ இது மிக முக்கியம். கவிழ்ந்து வெளியே வந்தபின் திரும்ப ஏறும்போது, நெஞ்சைப் பின்தளத்தின் மேல் இழுத்துப் போட வேண்டும். கொள்ளளவு பெரிதான படகுகளில் சில, பின்தளத்தையும் சேர்த்து உயர்த்திவிடுகின்றன. கனமான உடலை அவ்வளவு உயரம் தூக்குவது குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் கழித்து எளிதல்ல. உங்களுக்கு வேண்டியது முன்தளம் உயர்ந்தும், காக்பிட்டுக்குப் பின்னால் தளம் தாழ்ந்தும், அதேவேளையில் பின்முனையில் போதிய மிதப்பு எஞ்சியும் உள்ள வடிவம். அந்த மிதப்பு இல்லாவிட்டால், நீங்கள் பின்தளத்தில் கிடக்கும் நேரத்தில் பின்முனை அமிழ்ந்து, காக்பிட்டுக்குள் மறுபடியும் நீர் புகும். இருக்கையின் பின்விளிம்பை ஒட்டியே தடுப்புச் சுவர் இருந்தால் இறைக்க வேண்டிய நீர் குறையும். காலை உள்ளே போட்டுக் கொக்கிபோல் மாட்டி ஏறும் முறையையும், கயிற்று வளையத்தில் கால்வைத்து ஏறும் முறையையும் கற்றுக்கொள்ளுங்கள். கைவலிமையை நம்பாமல் கால்வலிமையை நம்பும் முறைகள் இவை. நம்மைப் போன்றவர்களுக்கு இவைதான் கைகொடுக்கின்றன.

இனிப் பெயர்கள். நல்ல காலமாக, ஒரே வடிவத்தைப் பல அளவுகளில் வார்க்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. பி அண்ட் எச் நிறுவனத்தின் 'சீட்டஸ்', 'ஸ்கார்ப்பியோ' ஆகிய இரண்டும் எல்வி, எம்வி, எச்வி என்று சிறிய, நடுத்தர, பெரிய கொள்ளளவுகளில் வந்திருக்கின்றன. முன்னது கண்ணாடியிழை, பின்னது பாலிஎத்திலீன். நீங்கள் ஓட்டிப் பார்க்க வேண்டியது எச்வி. அமெரிக்காவின் வில்டர்னஸ் சிஸ்டம்ஸ் செய்த 'டெம்பெஸ்ட்' 165, 170, 180 என்ற வரிசையில் வந்தது. 170 என்பது 17 அடி நீளமும் 56 செ.மீ. அகலமும் உடையது, பழைய படகுச் சந்தையில் கிடைத்தால் விட வேண்டாம். ஆங்கிள்சியில் பிறந்த 'ரோமனி' குடும்பத்தில் பெரிய உடல்வாகினருக்கான வடிவங்களும் உண்டு. டாகர் நிறுவனத்தின் 'ஸ்ட்ராட்டோஸ் 14.5' படகின் பெரிய அளவு பாறைகளிடையே விளையாட அருமையானது. ஆனால் முகாம் சுமையோடு உங்களுக்கு அது போதாது என்பது என் கருத்து. பாலிஎத்திலீன் வாங்கினால், உங்கள் எடையில் இருக்கைக்கு அடியில் தளம் உள்நோக்கி வளைகிறதா என்று கவனியுங்கள். மரவேலையில் ஆர்வம் இருந்தால், செசபீக் லைட் கிராஃப்ட் விற்கும் ஒட்டுப்பலகைத் தொகுப்புகளில் 'செசபீக்' வரிசையும் நீளவாரியாகப் பல அளவுகளில் வருகிறது. இருக்கையின் உயரமும் இடமும் முழுக்க உங்கள் கையில் இருக்கும் என்பது அதன் பெரிய நன்மை.

துணைப்பொருள்களில் இரண்டைப் பற்றி மட்டும். எடை கூடினால் மிதவை அங்கியின் மிதப்பும் அதே அளவில் கூட வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். 70 கிலோவுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஐரோப்பியத் தரம் கேட்பது குறைந்தது 50 நியூட்டன்தான், ஏனெனில் உடற்கொழுப்பு தானே மிதக்கும். உங்கள் மார்புச் சுற்றளவுக்குச் சரியாகப் பொருந்தி, மேலே இழுத்தால் முகத்துக்கு ஏறாமல் நிற்கிறதா என்பதே சோதனை. துடுப்பின் நீளம், 57 அல்லது 58 செ.மீ. அகலப் படகுக்கும் உங்கள் உயரத்துக்கும் 215 முதல் 225 செ.மீ. வரை போதும்.

கடைசியாக, ஓட்டிப் பார்க்கும் நாளை எப்படிச் செலவிடுவது என்று சொல்கிறேன். கடையின் தரையில் உட்கார்ந்து பார்ப்பது உடல் பொருத்தத்தை மட்டுமே காட்டும். நீங்கள் பயணத்தில் அணியும் முழு உடையோடு, பத்து லிட்டர் தண்ணீர்ப் பை இரண்டை முன்னும் பின்னும் வைத்து, அமைதியான நீரில் இறங்குங்கள். கரையில் நிற்பவர் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுக்கட்டும். அணியமும் பின்முனையும் நீரிலிருந்து ஒத்த அளவில் எழுகின்றனவா, காக்பிட்டுக்குப் பின்னால் தளத்தின் விளிம்பு நீருக்கு மேல் தெளிவாகத் தெரிகிறதா என்று அந்தப் படத்தில் பார்க்கலாம். முதல் கால்மணிநேரத் தள்ளாட்டத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது படகுக்கு இடுப்பு பழகும் நேரம். ஒரு மணிநேரம் கழித்தும் பாதம் மரத்துப்போகாமல் இருந்தால், காற்றுள்ள பக்கம் சென்று படகைக் காற்றுக்கு எதிராகத் திருப்பிப் பாருங்கள். அதன்பின், துணைக்கு ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே கவிழ்ந்து, வெளியே வந்து, இருமுறை திரும்ப ஏறுங்கள். இரண்டாவது முறையும் ஏற முடிந்த படகுகளை மட்டும் வைத்துக்கொண்டு விலையைப் பேசத் தொடங்கலாம்.